நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க

நேற்றும் ஒரு போன் கோல் வந்தது. லக்கல பக்கம் ஒரு வீட்டில் பழைய பி.எம்.டபிள்யூ ஒன்று நிற்கிறதாம், ஆரம்பத்திலிருந்தே ஒரே ஆளின் கையில் இருந்ததாம், வந்து பார்த்துச் சொல்லுங்க நானா என்றான் பேசியவன். முழங்கால் வலி என்று தட்டிக் கழித்தேன். முழங்கால் வலிப்பது உண்மைதான். ஆனால் போகாததற்குக் காரணம் அதுவல்ல.

மாத்தளை டவுனில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிற கடை என்னுடையது. சோறு போடுவது அது. பைத்தியம் பிடித்தது வேறொன்றில். இருபத்தைந்து வருடமாகப் பழைய பி.எம். வண்டிகளைத் தேடிப்போய்ப் பார்ப்பது, மனதுக்குப் பிடித்தால் வாங்குவது, வாங்கியதைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு ரப்பர் வளையத்துக்காக எட்டு மாதம் காத்திருப்பது. என் மனைவி இதற்காகச் சண்டை போட்டு அலுத்துவிட்டாள். இப்போது வீட்டுக்கு வருகிறவர்களிடம் மட்டும் சொல்லிக் காட்டுகிறாள்.

வாகன இறக்குமதியை நிறுத்தியபோது பழைய வண்டிகளுக்குக் கிராக்கி ஏறியது. கூடவே என் பெயரும் கொஞ்சம் ஏறியது. வாங்குகிறவனும் என்னைக் கூப்பிடுவான், விற்கிறவனும் கூப்பிடுவான். வண்டி விஷயத்தில் நான் பொய் சொல்லமாட்டேன் என்பதுதான் காரணம். வாப்பாவின் கூட்டாளி ஒருவருடைய வண்டியையே, இது முழுக்கப் பட்டி பூசிய தகரம் என்று முகத்துக்கு நேரே சொல்லி, அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு அழைப்பில்லாமல் போனவன் நான்.

ஒரு வண்டியை மதிப்பிட எனக்கென்று ஒரு முறை இருந்தது. கைக்குட்டையில் சுற்றிய காந்தத்தைத் தகரத்தின்மேல் நகர்த்துவேன். பட்டி பூசிய இடத்தில் அது ஒட்டாது. டிக்கிக்குள் விரிப்பைத் தூக்கித் துருவைத் தேடுவேன். அதெல்லாம் பிறகு. வாசலில் கால் வைத்ததும் முதலில் போனட்டின்மேல் புறங்கையை வைப்பேன். சூடேறிய என்ஜின் தன் நோயையெல்லாம் மறைத்துவிடும். ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்ததை முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போதுதான் செயின் கிலுகிலுப்பதும் நீலப்புகை வருவதும் தெரியும். அதனால் போனிலேயே சொல்லிவிடுவேன்: நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க, போனட் சூடாக இருந்தால் திரும்பிப் போய்விடுவேன். உக்குவளையில் ஒருவர் எனக்காகத் தேத்தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார். போனட் வெதுவெதுப்பாக இருந்தது. தேத்தண்ணீரைத் தொடாமல் வந்துவிட்டேன். இந்தக் கதையை நானே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

வண்டி விற்க வேண்டும் என்று போனில் கூப்பிட்ட நாவுலை ஐயா ஒருவருக்கும் இதையே சொன்னேன். தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையை விட்டுப் போன துரை ஒருவரிடம் வாங்கிய கடும்பச்சை நிற 520 அவரிடம் இருந்தது. பிள்ளைகள் வெளிநாட்டில். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு வீடு, அதில் அவரும் மனைவியும் மட்டும். கண்ணில் புரை விழுந்து, பகலில் டவுன் வரைக்கும்தான் ஓட்ட முடிகிறது என்றார். விலையைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. வண்டியைத் துண்டு போட்டுச் சாமானாக விற்கிறவன் கையில் சிக்கிவிடக்கூடாது என்பதே அவர் கவலை. என்னை விட்டால் வேறு ஆள் இல்லை என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டு, நீங்க வர்ற வரைக்கும் சாவியைத் தொடமாட்டேன் தம்பி என்றார்.

பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். புறப்படுகிற நேரத்தில் ஒருவர் கராம்பு மூட்டைகளோடு வந்துவிட்டார். வெயிலில் காய்ந்தது போதாது என்று நானும், போதும் என்று அவரும் இழுபறிப்பட்டுக்கொண்டிருந்தபோது போன் இரண்டு தடவை அடித்தது. ஐயாவின் நம்பர். பெரியவர் அவசரப்படுகிறார் என்று நினைத்து எடுக்காமல் விட்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை தாண்டிவிட்டது. வீட்டில் யாரும் இல்லை. வண்டி கூரைக்குக் கீழே நின்றது. பழக்க தோஷம், முதலில் புறங்கையைப் போனட்டில் வைத்தேன். சில்லென்று இருந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனிதர் என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பெண் வேலியருகே வந்து சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னாள். பத்து மணிக்குச் சற்றுப் பின்னால் ஐயாவின் மனைவி குசினியில் அடுப்பருகே விழுந்திருக்கிறார். வாய் கோணிவிட்டது. ஐயா அவரை வாசலுக்குத் தூக்கி வந்து படுக்க வைத்துவிட்டு, சாவியோடு வண்டியருகே போயிருக்கிறார். போனைக் காதில் வைத்தபடி அங்கேயே நின்றிருக்கிறார். பிறகு சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு த்ரீவீல் பிடிக்க ரோட்டுக்கு ஓடியிருக்கிறார். த்ரீவீல் வர முக்கால் மணி நேரமாயிற்றாம். அந்த அம்மா கண்ணை மூடவில்லை, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் கிடந்தார் என்றாள் அவள்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வார்டுக்கு வெளியே ஐயா உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, வீட்டில் இல்லாமல் போனதற்கு மன்னிப்புக் கேட்டார். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

"ஸ்டார்ட் பண்ணல தம்பி. நீங்க சொன்ன மாதிரியே வச்சிருக்கேன்."

அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால் வலது கையும் பேச்சும் போய்விட்டன.

ஒரு கிழமை கழித்து ஐயாவே கோல் எடுத்து வண்டியைக் கொண்டுபோகச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் சாமான் விற்கிறவன் வருவான் என்பது ஒரு காரணம், எனக்கு அந்த வண்டி மேல் ஆசை இருந்தது இன்னொரு காரணம். போனபோது வீடு பூட்டிக் கிடந்தது. சாவியைப் போட்டுத் திருப்புகையில் அது பிடிக்கக்கூடாது என்று மனதார வேண்டிக்கொண்டேன். இத்தனை வருடத்தில் ஒரு வண்டியைப் பார்த்து நான் அப்படி வேண்டியதில்லை. அரைச் சுற்றில் பிடித்தது. புகை இல்லை, கிலுகிலுப்பு இல்லை. மாத்தளை வரும்வரை அந்தச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் என் காதில் விழவில்லை.

இரண்டு வருடம் அந்த வண்டியோடு மாரடித்தேன். கதவுகளின் அடித்தகரத்தை வெட்டி மாற்றினோம், பழைய பச்சையைத் தேடிக் கலந்தோம், சீட் துணியைப் பிரித்துத் தைத்தோம். தகர வேலை செய்த டிங்கரிங் பாஸ் ஒரு தடவை கேட்டார், இவ்வளவு மெதுவாக, ஆறுதலாக ஒரு வேலையை நீங்க செய்ததில்லையே என்று. வேலை முடிந்தால் ஐயாவிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், அதற்குப் பயந்துதான் தாமதித்தேன். ஐயா இடைக்கிடை போனில் பேசுவார். ஒருநாள் அவராகவே சொன்னார், ஊட்டிவிட்டால் சாப்பிடுகிறாள் தம்பி, ஆனால் அன்றிலிருந்து என் முகத்தைப் பார்ப்பதே இல்லை என்று. அதைக் கேட்ட பிறகு இன்னும் மெதுவாக வேலை செய்தேன்.

போன மாசி மாதம் ஒருவழியாக ஐயா வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஐயா வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார், தடவிப் பார்த்தார், நல்லா இருக்கு என்றார். பிறகு வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"உள்ளதைச் சொல்லுங்க தம்பி. அன்னைக்கு நான் சாவியைப் போட்டிருந்தா வண்டி பிடிச்சிருக்குமா?"

வண்டியைப் பற்றி யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்வேன் என்று ஊருக்கே தெரியும். அதை நம்பித்தான் அவர் கேட்டார்.

"பிடிச்சிருக்காது ஐயா. ஸ்டார்ட்டர் இறுகிப் போயிருந்திச்சு. லொறியில ஏத்தித்தான் கொண்டு போனோம்."

அவர் போனட்டின்மேல் இருந்த தூசியைக் கையால் துடைத்தார்.

"நீங்க ஓட்டிக்கிட்டுப் போனப்ப நான் ஆஸ்பத்திரிக்குப் போக பஸ்ஸுக்கு நின்னேன் தம்பி. கையைக்கூடக் காட்டினேன். நீங்க பார்க்கல."

தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் என் முழங்கையைப் பிடித்தார். பிடியில் கோபம் இருக்கவில்லை.

"பரவாயில்ல. இப்ப எங்கிட்ட சொன்னதை உள்ள வந்து அவகிட்டயும் சொல்லுங்க."

அந்த அம்மா ஜன்னலருகே சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எதிரில் நின்று சொன்னேன், ஸ்டார்ட்டர் இறுகிப் போயிருந்தது, ஓடியிருக்காது, லொறியில்தான் ஏற்றினோம் என்று. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையை அசைத்தார், இன்னொரு தடவை சொல்லச் சொல்லி. சொன்னேன். இரண்டாவது தடவை என் குரல் நடுங்கவில்லை. அவர் மெல்லத் திரும்பித் தன் புருஷனின் முகத்தைப் பார்த்தார்.