பிரியாணியும் கைப்பிடிக் கம்பியும்

"இல்லத்துக்கு நானே நேரா சாப்பாடு குடுத்துடுவேன், நடுவுல நீ எதுக்கும்மா?" என்றார் திருப்பாதிரிப்புலியூர் ஜவுளிக்கடைக்காரர். எங்கள் அறக்கட்டளை உறுப்பினர் அவர், விலகப்போவதாகவும் சொன்னார். உறுப்பினர்களின் நன்கொடையை முதியோர் இல்லம் போன்ற தொண்டு இல்லங்களுக்குக் கொண்டு சேர்ப்பது என் வேலை. எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். படித்து வாங்கிய வேலையே வீண் என்பதுபோல் அந்தக் கேள்வி சுருக்கென்றது.

சிதம்பரம் முதியோர் இல்லத்தில் அன்று நான் போனபோதும் யாரோ பிறந்தநாளுக்குக் கொடுத்த பிரியாணி மிஞ்சியிருந்தது. "சோறு ஜாஸ்திம்மா. குளியலறையில பிடிச்சுக்கக் கம்பிதான் இல்ல. கம்பி பக்கத்துல நின்னு யாரு போட்டோ எடுப்பாங்க?" என்று சிரித்தார், வழுக்கி விழுந்து கையில் கட்டுப் போட்டிருந்த அம்மா ஒருவர்.

கடைக்காரரிடம் வந்து சொன்னேன். "மாமா, யாரும் தராதது எதுன்னு கேட்டு வரத்தான் நடுவுல நான்." அவர் துணியை மடித்து வைத்தார்.

குளியலறைக் கம்பிக்குப் பணம் தர மற்ற உறுப்பினர்கள் ஒப்புக்கொண்டார்கள். கம்பிக்குச் சொல்லிவிட்டேன், பொருத்தும் நாளன்று சிதம்பரத்துக்குக் கடைக்காரரையும் அழைத்திருக்கிறேன்.