இறுங்குக் காணிக்குத் திரும்பிப் போன அக்கா

எங்கள் அக்கா கப்பல்துறையில், ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். இடப்பெயர்வுகளால் மூன்று பாடசாலைகள் மாறிப் படித்தும் விவசாயப் பட்டம் பெற்று, வறண்ட நிலங்களில் தானியப் பயிர்களை ஆராயும் வேலையில் சேர்ந்தார். எங்கள் நால்வரையும் படிக்க வைத்தவர் அவரே. ஓர்ஸ் ஹில் வீட்டுக்கு மாலையில் வரும்போது அவரது நகங்களில் மண் இருக்கும். ஓரடிச் சதுரமாக மண்ணை வெட்டியெடுத்து, அதிலிருக்கும் மண்புழுக்களை எண்ணிவிட்டு வந்திருப்பார். குரக்கன் நிலத்தில் எத்தனை, இறுங்கு நிலத்தில் எத்தனை என்று சாப்பாட்டு மேசையில் சொல்லத் தொடங்குவார். சோறு இறங்கட்டும் என்று நாங்கள் கெஞ்சுவோம்.

மழை குறைந்தாலும் மனிதருக்குத் தானியமும் ஆட்டுக்குத் தீனும் தருவது இறுங்கு என்ற சோளவகை. அதை மூதூரில் ஜுனைதீன் காக்கா என்ற விவசாயியின் காணியில் பயிரிட்டுப் பார்த்தார். ஆனால், அறுவடைக்குப் பின் அடிக்கட்டையில் துளிர்க்கும் இளங்குருத்தில் வறட்சிக் காலத்தில் நஞ்சு இருக்கும். நெஞ்சளவு வளரும்வரை அதில் ஆடுகளை விடக்கூடாது. அறுவடை நாளன்று, அப்பா விழுந்துவிட்டார் என்று நான் தொலைபேசியில் அழைத்ததால் அக்கா பதறிப் புறப்பட்டு வந்தார். இரண்டு கிழமையில் காக்காவின் ஏழு ஆடுகள் அந்தக் குருத்தைத் தின்று செத்தன.

அன்று காக்காவை எச்சரித்தாரா, இல்லையா என்பது அக்காவுக்கு நினைவில்லை. குறிப்புப் புத்தகத்திலும் இல்லை. சொல்ல மறந்துவிட்டேன் என்று மேலதிகாரிக்குத் தானே எழுதிக் கொடுத்தார். யாரும் அவரைத் தண்டிக்கவில்லை. ஆனாலும் மூதூர்ப் பக்கத்து வேலைகளை மற்றவர்களுக்கு விட்டுவிடுவார். பிறகு வந்த விவசாயிகளிடம் இரண்டு தரம் சொல்லி, அவர்களைக் கொண்டும் திருப்பிச் சொல்ல வைப்பார். அன்று அழைத்தவள் நான் என்பதால் என் மனமும் அரித்துக்கொண்டே இருந்தது.

ஓய்வு பெற்ற மறுவருடமே நோய் வந்தது. இனி மருந்தால் பெரிதாகப் பயனில்லை என்று வைத்தியர் சொன்ன கிழமை, அக்கா என்னிடம், "மூதூருக்கு ஒருக்காப் போகவேணும். அந்த மனுசனிட்ட மன்னிப்புக் கேக்காமல் போக ஏலாது" என்றார்.

ஆட்டோவில் போனோம். காக்கா வாசலுக்கு வந்து கதிரை போட்டார். அக்கா உட்காரவில்லை. ஆடுகள் செத்தது தன்னால்தான் என்று நின்றபடியே சொன்னார். காக்கா திகைத்துப்போனார்.

"நீங்க சொன்னீங்க மிஸ். மோட்டார் சைக்கிள்ள ஏறினவங்க திரும்பி வந்து, நெஞ்சளவு வளரட்டும் எண்டு சொன்னீங்க. நான்தான் வேலிப் படலைய ஒழுங்காக் கட்டல்ல. உங்கட பயிர்ப் பரீட்சையப் பாழாக்கிப்போட்டன், அந்தக் கோவத்திலதான் நீங்க வாறல்ல எண்டு நினைச்சுக்கிட்டிருந்தன்."

குசினியிலிருந்து வந்த அவரது மனைவி, "ஓம் மிஸ். ஹெல்மெட்டையும் கழட்டாம ஓடிவந்து சொன்னீங்க" என்றார்.

அக்கா இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகுதான் கதிரையில் உட்கார்ந்தார். மாதக்கணக்காகச் சரியாகச் சாப்பாடு இறங்காதவர், அங்கே தேநீர் குடித்து, அப்பம் ஒன்றும் சாப்பிட்டார். திரும்பும் வழியில் என் தோளில் சாய்ந்து நன்றாக உறங்கினார். முன்பே கூட்டிவந்திருக்கலாமே என்று வீட்டில் நான் அழுதபோது, "இப்பவாவது போனம்தானே, அது காணும்" என்றார்.

அதன்பின் ஏழு வாரங்கள் இருந்தார். நோவு இருந்தது, ஆனால் முகத்தில் பழைய இறுக்கம் இல்லை. ஒரு காலைப்பொழுதில், எங்கள் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகு, அமைதியாகக் கண்மூடினார்.

அக்காவைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், முறைவைத்துச் சமைத்துத் தந்த அயலவருக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த உறவுகளுக்கும், அவருடன் வெயிலில் நின்று வேலைசெய்த தோழர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டுள்ளோம். ஜுனைதீன் காக்கா குடும்பத்தினருக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் அக்கா மனப்பாரம் இல்லாமல் போனார். எனக்கும் இப்போது நித்திரை வருகிறது.

– தங்கை