மஹ்கம் அண்ணன் குளத்தில் அடி தெரிந்த கதை

மார்கிலானில் எங்கள் தெருக்காரர்கள் வாய்விட்டுச் சிரித்தால் அதில் பாதிச் சிரிப்பு மஹ்கம் அண்ணனின் கைவேலை. பல் கட்டுகிறவர். தங்கப் பல், வெள்ளைப் பல், கழற்றி மாட்டும் பல்செட் எல்லாம் அவர் வீட்டு முன்னறையில்தான் உருவாகின்றன. அடுத்தவர் வாயில் மயிரிழை பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார். அப்படிப்பட்டவர் தன் முற்றத்துக் குளம் ஏன் பச்சையாகிறது என்பதை இரண்டு கோடைகள் தேடிக்கொண்டிருந்தார்.

குளத்தை அவரே வெட்டினார். கார் நிறுத்தக் கொட்டகை போடலாம் என்று அவர் மனைவி ஹோசியத் அக்கா அளந்து வைத்திருந்த இடம் அது. நெஞ்சளவு ஆழம், சிமெண்டுப் பூச்சு, மேலே பாதி தண்ணீருக்கு நீட்டிக்கொண்டு ஒரு மரமேடை. வேலை முடிந்ததும் அதில் சாய்ந்து பச்சை டீ குடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்ப்பார். பல் கட்டிக்கொண்ட மீன்பண்ணைக்காரர் ஒருவர் நன்றிக்காகப் பால் கேனில் சில கெண்டைக் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார். பொரித்துத் தின்னத்தான் விட்டார். ஆனால் அதில் ஒன்றுக்கு உதடு மஞ்சளாய் மினுங்க, தெருக்காரர்கள் அதற்குத் தங்கப்பல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் வைத்ததை யார் பொரிப்பது?

"மீனையும் திங்க விடமாட்டாரு, அந்த இடத்துல ஒரு தக்காளியும் வெக்க விடமாட்டாரு" என்பது அக்காவின் நிரந்தரக் குறை. முதலில் சில வருடங்கள் தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. பிறகு ஒரு கோடையில் பச்சையானது. மெல்லிய பச்சை, பிறகு இலைப் பச்சை, பிறகு மீன் இருக்கிறதா இல்லையா என்று நம்பிக்கையின்பேரில் சொல்ல வேண்டிய பச்சை.

இரண்டு கோடை அப்படியே கழிந்து, அடுத்து வந்த வசந்தத்தில் மகள் நிகோராவைக் கோகந்திலிருந்து கேட்டு வந்தார்கள். இரு வீட்டுக்கும் பிடித்துப்போய், ஆப்ரிகாட் பழுக்கும் சமயத்தில் ரொட்டி பிட்டு நிச்சயம் செய்வது என்று நாள் குறித்தார்கள். விருந்து முற்றத்தில். முற்றத்தின் நடுவில் குளம். அக்கா அன்று மாலையே தீர்ப்பைச் சொல்லிவிட்டாள்.

"நிகோரா அப்பா, கேட்டுக்கோங்க. சம்பந்தி வர்ற அன்னிக்கு இந்தக் குளத்துல அடி தெரியணும். வீட்டுத் தண்ணியே பாசி பிடிச்சுக் கெடந்தா பொண்ணு என்ன லட்சணத்துல குடும்பம் நடத்துவான்னு அவங்க நெனைக்க மாட்டாங்களா? தெரியலைன்னா மறுநாளே என் தம்பிகிட்ட சொல்லி ஒரு லாரி மண்ணு கொட்டிடுவேன்."

வாய் வார்த்தையாக அவள் விடவில்லை. தம்பிக்கு டிப்பர் லாரி உண்டு. அவன் ஞாயிற்றுக்கிழமை வந்து, வாசற்கதவு அகலம் போதுமா என்று கைகளை விரித்துப் பார்த்துவிட்டுப் போனான். சமையலறை ஜன்னலில் பழைய டின்களில் தக்காளி நாற்று முளைத்தது. மஹ்கம் அண்ணன் டீ குடிக்கும்போதெல்லாம் அந்த நாற்றுகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

அவர் வேலையில் இறங்கினார். முதலில் குளத்தை முழுக்க இறைத்துவிட்டு, சுவரையெல்லாம் தேய்த்தார். பல் தேய்ப்பது மாதிரி, மேலிருந்து கீழாக, வட்டம் வட்டமாக. எதிர்வீட்டு ஒக்தாம் அண்ணன் எட்டிப் பார்த்து, வாய் கொப்பளிக்கச் சொல்ல மறந்துடாதே என்றார். புதுத் தண்ணீர் கண்ணாடியாய் நின்றது. மஹ்கம் அண்ணன் தெருவையே கூப்பிட்டுக் காட்டினார். வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. காய்ந்த ரொட்டி கொண்டுவந்து மீனுக்குப் போட்டுவிட்டு வாழ்த்திப் போனார்கள். அடுத்த வாரத்துக்குள் தண்ணீர் பழையபடி பச்சை.

அடுத்தது மயில்துத்தம். திராட்சைக் கொடிக்கு அடிக்க எல்லார் வீட்டிலும் இருப்பதுதான். கொடியில் பூஞ்சையைக் கொல்வது குளத்தில் பாசியைக் கொல்லாதா என்று யாரோ சொல்ல, அவரும் ஒரு பிடி கரைத்து ஊற்றினார். பாசி அசையவில்லை. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. ஆயுள் முழுக்கப் பிளந்த வாய்களைப் பார்த்தே பிழைத்த மனிதருக்கு இந்த வாய்களைப் பார்க்கத் தாங்கவில்லை. சட்டையோடு குளத்தில் இறங்கி ஒவ்வொன்றாக அள்ளி, குளியலறைத் தொட்டிக்குக் கொண்டு ஓடினார். நல்லவேளையாக எல்லாம் பிழைத்தன. குளத்தை மறுபடி இறைத்துக் கழுவி, புதுத் தண்ணீர் விட்டு, அது பக்குவப்படட்டும் என்று காத்திருந்தார்.

அதுவரை அந்த வீட்டில் யாரும் குளிக்கவில்லை. அக்கா சோப்பும் துண்டுமாக எங்கள் வீட்டுக்கு வந்தாள். நிச்சயத்துக்கு நாள் நெருங்குது, வீட்டுல மீன்தான் குளிக்குது என்று அவள் சொன்னபோது சிரிக்காமல் இருக்கப் படாதபாடு பட்டேன்.

ஆனால் விஷயம் பிடிபட்டது அந்தத் தொட்டியில்தான்.

தொட்டி வெள்ளைப் பீங்கான். எது விழுந்தாலும் தெரியும். முதல் நாள் தண்ணீர் பளிங்காக இருந்தது. மறுநாள் காலை போய்ப் பார்த்தால் கலங்கி, லேசாக வாடை. அடியில் ரொட்டித் துண்டுகள் உப்பி, பஞ்சு மாதிரி நூல்விட்டுக் கிடந்தன. அண்ணன் ஒரு துண்டை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். பல்லிடுக்கில் தங்கிய சாப்பாட்டைச் சுரண்டி எடுக்கும்போது வருமே, அதே வழவழப்பு. தின்றது போக மிஞ்சுவதுதான் எல்லாக் கேட்டுக்கும் காரணம் என்று வருகிறவர்களிடமெல்லாம் அவர் ஓதிய பாடம் அன்று அவருக்கே திரும்பி வந்தது. மீன் தின்றது கொஞ்சம். மீதியெல்லாம் அழுகிப் பாசிக்கு உரம்.

ரொட்டித் துண்டைக் குப்பையில் போட எங்கள் தெருவில் யாருக்கும் கை வராது. தரையில் கிடந்தால் எடுத்து முத்தமிட்டு உயரமான இடத்தில் வைப்போம். காய்ந்தால் ஏதாவது ஓர் உயிருக்குப் போய்ச் சேர வேண்டும். முன்பு தெருக்கோடியில் மாடு வைத்திருந்தவர் வீட்டுக்குப் போனது. அவர் மாடுகளை விற்றுவிட்டு மகனோடு தாஷ்கண்டுக்குப் போன பிறகு, தெரு மொத்தத்தின் ரொட்டியும் மஹ்கம் அண்ணன் குளத்துக்குத் திரும்பியது. காலையில் ஒக்தாம் அண்ணன், மத்தியானம் பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள், சாயங்காலம் நாங்கள் பெண்கள். அவர் கட்டிய பல்லால் கடித்து மிச்சம் வைத்த ரொட்டி அவர் குளத்துக்கே வந்து சேர்ந்தது. மாடு போனதும் குளம் பச்சையானதும் ஒரே கோடை. எவருக்கும் அது தோன்றவில்லை.

குளியலறைத் தொட்டிக்குத் தெருவே வந்திருக்க முடியாது. வீட்டில் இருந்தது மூன்று பேர். மகள் கல்லூரியிலிருந்து வருவதே இருட்டிய பிறகுதான். அண்ணன் சமையலறைக்குப் போனார். அக்கா சாப்பாட்டுத் துணியை நான்கு மூலையும் சேர்த்துப் பிடித்து, துணுக்குகள் சிந்தாமல் குளியலறைப் பக்கம் வந்துகொண்டிருந்தாள்.

"ஹோசியத், தொட்டியில ரொட்டி போட்டியா?"

"நான் எங்கங்க போட்டேன்?"

"கையில என்ன?"

அக்கா குனிந்து துணியைப் பார்த்தாள், வேறு யாரோ கையில் கொடுத்துவிட்டுப் போனது மாதிரி.

"இது ரொட்டியா? இது துணி உதர்றது. வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குதுங்க, பாவமா இருக்கு."

"குளத்துல?"

"குளத்துலயும் உதறுவேன். வேற எங்க உதறச் சொல்றீங்க, உங்க தலையிலயா?"

மண் லாரியை வரவழைக்கத் துடித்த கைதான் மூன்று வேளையும், இரண்டு கோடையாக, பாசிக்குச் சோறு போட்டிருக்கிறது. அண்ணன் அன்று வாய் திறக்கவில்லை. பல் கட்டுகிறவருக்கு எப்போது வாயை மூடவேண்டும் என்று தெரியும். அதோடு, ரொட்டியைப் போடாதே என்று மனைவியிடம் சொல்வதே கஷ்டம். தெருவிடம் எப்படிச் சொல்வது? வாசலில் பலகை எழுதி மாட்டினால் அதற்குப் பிறகு அவர் முகத்தில் யார் விழிப்பார்கள்?

மறுநாள் சந்தைக்குப் போய்க் கோழிகள் வாங்கி வந்தார். வாசலை ஒட்டி ஒன்று, சமையலறைக் கதவடியில் ஒன்று என்று இரண்டு கம்பிவலைக் கூண்டுகள் போட்டார். குளத்துக்குப் போக வேண்டுமானால் கோழியைத் தாண்டித்தான் போக வேண்டும். கோழி இருக்கிறதே, அது மீன் மாதிரி மௌனமாக வாய் பிளக்காது. மனிதர் தலையைக் கண்டதும் ஊரைக் கூட்டும். அந்தக் கூச்சலைத் தாண்டி ரொட்டியை எடுத்துப்போக யாராலும் முடியவில்லை.

ஒக்தாம் அண்ணன் மட்டும் விடவில்லை. கூண்டுக்கு முன் நின்றுகொண்டு கேட்டார்:

"ஏம்ப்பா மஹ்கம், உன் மீனுக்குப் பல்லு ஆடுதா? ரொட்டி வேணாங்குது?"

"ஆமாண்ணே, கெட்டியா எதுவும் கூடாதுன்னு சொல்லியிருக்கேன். கோழிக்குப் போடுங்க. அதுக்குத்தான் பல்லு கட்டுற செலவே இல்ல."

பிறகு நடந்ததெல்லாம் பொறுமையான வேலை. மீன்களைக் குளத்துக்குத் திருப்பி விட்டார்; காத்திருந்த நாட்களில் அந்தப் புதுத் தண்ணீரும் பச்சையாகிவிட்டிருந்தது. திராட்சைப் பந்தலைக் குளத்துக்கு மேலேயும் இழுத்துக் கட்டினார். மத்தியான வெயில் தண்ணீரில் விழாமல் நின்றது. பழைய துணிதுவைக்கும் இயந்திரத்தின் உருளையில் கூழாங்கல் நிரப்பி, சின்ன மோட்டார் வைத்து, தண்ணீர் அதன் வழியாக வடிந்து திரும்பும்படி செய்தார். கல்லில் ஏறிய வழவழப்பைக் கழுவிவிடத் துடித்த அக்காவை, அதுதான் தண்ணீரைச் சுத்தம் பண்ணுது, தொடாதே என்று தடுத்தார். முழுக்க இறைப்பதை விட்டுவிட்டு, வாரம் ஒருமுறை சில வாளி எடுத்து அத்தனை வாளி புதிது ஊற்றினார். குச்சியை விட்டுச் சுற்றினால் நூல்பாசி இடியாப்பம் போலச் சுருண்டு வந்தது. சுவரில் ஒட்டிய மெல்லிய பாசியை மட்டும் அப்படியே விட்டார். நாக்கில் கொஞ்சம் வெள்ளை இல்லாத மனுஷன் உண்டா என்றார்.

தண்ணீர் உடனே தெளியவில்லை. அக்கா தினமும் காலையில் குளத்தை ஒருமுறை, நாற்றை ஒருமுறை பார்த்தாள். நாற்று வேகமாக வளர்ந்தது. குளம் அசைந்து கொடுத்தது நிச்சயத்துக்கு இருந்த நாட்களில் பாதி கழிந்த பிறகுதான். முதலில் மீன்களின் முதுகு தெரிந்தது. பிறகு வால். நிச்சயத்துக்கு முந்தின நாள் காலை, அடியில், கடைசியாகக் கழுவிய பிறகு எப்போதோ விழுந்த ஒரு டீக்கிண்ணம் தெரிந்தது. காணாமல் போன அந்தக் கிண்ணத்துக்காக அக்கா போன மாதம் என்னிடம் ஒரு வாரம் முறைப்பாக இருந்தாள்.

கோகந்திலிருந்து சம்பந்தி யோர்மத் குடும்பத்தோடு வந்து இறங்கினார். பெரிய உடம்பு, பெரிய குரல், அடிக்கடி கையால் வாயை மூடிக்கொள்ளும் ஒரு பழக்கம். மஹ்கம் அண்ணன் அந்தக் கையைக் கவனித்துவிட்டார், ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளைத் துணி விரித்து, ஜோடி ரொட்டியைப் பிட்டு, எல்லாருக்கும் ஒரு துண்டு கொடுத்து, துவா ஓதி முடித்தார்கள். நிகோரா நிச்சயமானாள். துணியில் மிச்சம் துணுக்குகள் கிடந்தன. யோர்மத் துணியைக் குவித்துப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நிச்சய ரொட்டி மண்ணுல விழக்கூடாது. இது மீனுக்கு" என்று குளத்துக்கு நடந்தார்.

தெருக்காரர்கள் நாங்கள் எல்லோருமே தேநீரை இறக்கிவைத்தோம். கோழிகள்கூட அன்று கொல்லைப்பக்கம் அடைபட்டிருந்தன. அக்கா கணவரைப் பார்த்தாள். அண்ணன் குளத்தைக் கை காட்டினார்.

"போடுங்க, சம்பந்தி."

துணுக்குகள் விழுந்தன. அடியிலிருந்து மீன்கள் நிதானமாக எழுந்து வருவது முழுசாகத் தெரிந்தது. முன்னால் தங்கப்பல். முழங்கால் ஆழம்தான் இருக்கும் போல என்று யோர்மத் குனிந்தார். நெஞ்சளவு என்றார் அண்ணன். நம்ப முடியாமல் இன்னும் குனிந்து, வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவருடைய மேல்வரிசைப் பல்செட் முழுதாகக் கழன்று குளத்தில் விழுந்தது.

முற்றத்தில் அத்தனை பேரும் முற்றத்து ஆப்ரிகாட் மரத்தில் பழம் எண்ண ஆரம்பித்தோம்.

பல்செட் ஆடி ஆடி இறங்கி டீக்கிண்ணம் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. தங்கப்பல் அதன் அருகே போய் முகர்ந்துவிட்டு விலகியது. போன மாதமாக இருந்திருந்தால் குளத்தை இறைத்தால் ஒழிய அது கிடைத்திருக்காது. கோகந்து சம்பந்தி பொக்கை வாயோடு பிலாவ் சோற்றையும் இறைச்சியையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மஹ்கம் அண்ணன் நீளப் பிடி வைத்த கைவலையை எடுத்து ஒரே வீச்சில் அள்ளினார். உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார்.

"யாரு கட்டினது இது?" என்றார் மெதுவாக, சம்பந்திக்கு மட்டும் கேட்கும்படி. "வாங்க உள்ள."

பிலாவ் சட்டியைத் திறப்பதற்குள் இருவரும் முன்னறையிலிருந்து வந்தார்கள். யோர்மத் கையை வாயிலிருந்து எடுத்துவிட்டிருந்தார். அன்று அவர் இறைச்சியைக் கடித்த வேகத்துக்கு அக்கா இன்னொரு தட்டு வைக்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலை பிலாவ் போட்டுக் கொடுத்த கிண்ணத்தை நான் திருப்பிக் கொடுக்கப் போனபோது ஹோசியத் அக்கா மரமேடையில் மண்டியிட்டு, கைவலையால் நேற்றைய துணுக்குகளை ஒவ்வொன்றாக அள்ளிக்கொண்டிருந்தாள். மேடையில் சாய்ந்திருந்த அண்ணன், உன் தம்பி லாரி எத்தனை மணிக்கு வருது என்று கேட்டார். அக்கா திரும்பவில்லை.

"அவனுக்கு வேற வேலை இருக்காம். நீங்க காலை எடுங்க, அதுக்கடியில ஒரு துண்டு கெடக்கு."

தக்காளி நாற்றுகளை டின்னோடு எனக்குக் கொடுத்துவிட்டாள். எங்கள் சுவரோரம் நட்டு வைத்திருக்கிறேன். குளத்துப் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் காய் கொழுகொழுவென்று வரும் என்று மஹ்கம் அண்ணன் யோசனை சொல்கிறார். கொடுங்கள் என்று கேட்டால், இப்போது அது அவரிடம் இல்லையாம்.