சிவப்பு ஒயினும் என் கட்டைவிரலும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, குரும்பலூரிலிருந்து ஓர் இளைஞர் பெரம்பலூரில் இருக்கும் என் வீட்டைத் தேடி வந்தார். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். முகத்தில், ஏதோ கேட்க வந்திருக்கும் தயக்கம்.

"சார், எங்க மேனேஜர் வெளிநாட்டுக்காரரு. அவருக்கு ஒயின் வாங்கிக் குடுக்கணும். சிவப்புல ஒண்ணு, வெள்ளையில ஒண்ணு. விலை ரொம்பப் போகக்கூடாது, ஆனா நல்லதா இருக்கணும்..."

நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன். ஒரு மாதம் பிரான்சில் இருந்துவிட்டு வந்தவன் நான். இந்த ஜில்லாவில் யாராவது இப்படி ஒரு கேள்வி கேட்க மாட்டார்களா என்று மூன்று வருஷமாகக் காத்திருக்கிறேன்.

"...அதான், கதிரேசன் சார் போன் நம்பர் உங்ககிட்ட இருக்கும்னு சொன்னாங்க."

வயிறு எரிந்தது. பொய் சொல்ல மாட்டேன், எரிந்தது. நம்பரைச் சொல்லும்போது கடைசி எண்ணை மட்டும் மாற்றிச் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. மாற்றவில்லை. ஆனால் அவர் போன பிறகு என் மனைவி கேட்டாள்:

"ஒரு நம்பரைக் குடுக்குறதுக்கு ஏங்க மூஞ்சி இப்படிக் கோணுது?"

கோணத்தான் செய்யும். காரணத்தை அவளிடம்கூடச் சொன்னதில்லை. இன்று உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

அரியலூர் பக்கம் ஒரு சிமென்ட் ஃபேக்டரியில் நான் ஸ்டோர்ஸ் ஆபீசராக இருந்தது பழைய வாசகர்களுக்குத் தெரியும். கதிரேசன் அங்கே அக்கவுன்ட்ஸில் இருந்தார். என்னைவிட எட்டு வயது இளையவர். நெற்றியில் விபூதி. வெள்ளிக்கிழமை விரதம். முட்டைகூடச் சாப்பிட மாட்டார். குடி? அந்தக் கடை இருக்கும் தெருவில் நடக்கவே மாட்டார்... சுற்றிக்கொண்டு போவார்.

ஃபேக்டரியில் புது சூளை ஒன்று வந்தது. அதைப் பொருத்தி ஓட விட்டுக் காட்ட பிரான்சிலிருந்து நான்கு இன்ஜினியர்கள் வந்து இறங்கினார்கள். அவர்களுக்குத் தலைவர் ஆந்த்ரே. ஐம்பது வயது, நல்ல மனிதர், சாம்பாரைக்கூடச் சகித்துக்கொண்டார். ஆனால் மதியச் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் ஒயின் இல்லையே என்ற வருத்தம் மட்டும் அவர் முகத்தில் தெரிந்தது. நம் ஊரில் 'ஒயின்ஸ்' என்று போர்டு போட்ட கடைக்குக் குறைச்சல் இல்லை. உள்ளே போய் ஒயின் கேட்டால்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்!

ஜி.எம். கூப்பிட்டார். "பாண்டிச்சேரிக்குப் போய் வாங்கிட்டு வரணும். யாருக்கு ஒயின் பத்தித் தெரியும்?"

"எனக்குத் தெரியும் சார்" என்றேன்.

எனக்கு என்ன தெரியும்? திருச்சி பிளாட்பாரத்தில் வாங்கிய பழைய இங்கிலீஷ் புத்தகம் ஒன்று இருந்தது. ஒயினைப் பற்றி முந்நூறு பக்கம். இரண்டு கல்யாண ரிசப்ஷனில் இரண்டு கிளாஸ் குடித்த அனுபவமும் இருந்தது. அரியலூருக்கு அது போதாதா?

ஆனால் என் ஆசை ஒயின் மேல் இல்லை. சூளை ஓட ஆரம்பித்ததும் நம் ஆபீஸிலிருந்து ஒருவரை ஒரு மாதம் பிரான்சுக்கு அனுப்பப் போகிறார்கள் – உதிரிபாகங்களைப் பார்த்து எடுக்க. யாரை என்று ஜி.எம். இன்னும் முடிவு செய்யவில்லை. 'அவங்களோட யாரு ஒத்துப்போறாங்கன்னு பார்ப்போம்' என்று மட்டும் சொல்லியிருந்தார். நான் அன்றைக்கே பாஸ்போர்ட்டுக்கு அப்ளை செய்தேன். வந்ததும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் திரிந்தேன்.

பெர்மிட் விவகாரமெல்லாம் கம்பெனி பார்த்துக்கொண்டது. நான் பாண்டிச்சேரி போய் ராஜா மாதிரி கடைக்குள் நுழைந்தேன். புத்தகத்தில் அதிகப் பக்கம் போர்தோ என்ற ஊருக்கு. அந்தப் பெயரைத் தேடினேன். ஒரு பாட்டிலில் ரஞ்சன்குடிக் கோட்டையைவிடப் பெரிய கோட்டை ஒன்றின் படம் இருந்தது. கோட்டை எவ்வளவு பெரிசோ, ஒயின் அவ்வளவு உசத்தி – இது நானே வகுத்துக்கொண்ட சித்தாந்தம். வெள்ளைக்கு? தங்கக் காகிதம் சுற்றிய ஒன்றை எடுத்தேன்.

ஆந்த்ரே சிவப்பை ஒரு வாய் குடித்தார். "இன்ட்ரஸ்டிங்" என்றார். இரண்டாவது வாய் குடிக்கவில்லை. வறுத்த மீனோடு அந்த வெள்ளையைக் கொடுத்தோம். அது பாயசம் மாதிரி இனித்தது. மீனோடு பாயசம்! நால்வரும் தண்ணீர் கேட்டார்கள்.

அடுத்த தடவை வரி ஆபீஸ் வேலையாகக் கதிரேசன் பாண்டிச்சேரி போக வேண்டியிருந்தது. "அப்படியே நீயே வாங்கிட்டு வந்துடுப்பா" என்றார் ஜி.எம். எனக்குச் சிரிப்பு வந்தது. மூக்கால் முகர்ந்தாலே குளிக்கிற ஆள் ஒயின் வாங்கப் போகிறாராம்!

பன்னிரண்டு பாட்டில் வந்தது. கோட்டை ஒன்றுகூட இல்லை. ஆந்த்ரே முதல் பாட்டிலைத் திறந்தார், குடித்தார். இன்னொரு கிளாஸ் ஊற்றிக்கொண்டார். பிறகு எழுந்து வந்து கதிரேசனின் தோளைத் தட்டினார்.

நான் என்னுடைய மேஜைக்குப் போய் உட்கார்ந்து ஒரு ஃபைலை அரை மணி நேரம் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் மெதுவாக விசாரித்தேன். "எப்படிங்க கதிரேசன் எடுத்தீங்க?"

"எனக்கு என்ன சார் தெரியும்? கடையில ஒரு ஸ்டூல் போடச் சொல்லி ரெண்டு மணி நேரம் உட்கார்ந்துட்டேன். அங்க இருக்கிற வெள்ளைக்காரங்க வீட்டுச் சமையல்காரங்க எதை வாங்கிட்டுப் போறாங்கன்னு பார்த்தேன். விருந்துக்கு வாங்குறவன் பேரைப் பார்ப்பான் சார். தினம் சமைக்கிறவன் ருசியும் பார்ப்பான், காசும் பார்ப்பான்."

"சரி, ஊர்? எந்த ஊர் ஒயின்னு எப்படி முடிவு பண்ணுனீங்க?"

"செட்டிகுளம் வெங்காயம்னு போர்டு போட்டா கிலோவுக்கு ரெண்டு ரூபா ஜாஸ்தி. நான் பக்கத்து ஊர்லதான் வாங்குவேன். அதே மண்ணு, அதே மழை. இதுவும் அப்படித்தான்னு தோணுச்சு. பேர் வாங்குன ஊருக்குப் பக்கத்துல பேர் வாங்காத ஊர் ஒண்ணு இருக்கும்ல? கடைக்காரர்கிட்ட மேப்பைக் காட்டச் சொன்னேன்."

மனிதர் சின்ன நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். குறைந்த விலையில் சிவப்பு வேண்டுமா? வெயில் ஊரில் வாங்கு. பிரான்சின் தெற்குக் கடலோரம், சிலி, ஆஸ்திரேலியா. அங்கே திராட்சை நன்றாகப் பழுத்துவிடும். வெள்ளை வேண்டுமா? குளிர்ந்த ஊர், அல்லது கடல் காற்று வீசும் ஊர். லுவார் என்ற ஆறு கடலில் போய்ச் சேரும் இடத்து வெள்ளை, மீனுக்கு. தென்னாப்பிரிக்க வெள்ளை, கோழிக்கு. அவசரத்துக்கு நம்ம நாசிக் வெள்ளையே போதும். மலிவான வெள்ளையில் பழசு வாங்காதே. ஜன்னலோரம் வெயில் படும் பாட்டிலைத் தொடவே தொடாதே...

ஒரு சொட்டு வாயில் வைக்காத மனிதர் எழுதியது இது! என் முந்நூறு பக்கப் புத்தகம் இரண்டு பக்க நோட்டில் அடங்கிவிட்டது. உங்களுக்குக் கோபம் வருமா, வராதா?

அதற்குப் பிறகு எல்லாம் கதிரேசன்தான். கேன்டீனில் கதிரேசன், கெஸ்ட் ஹவுஸில் கதிரேசன். அந்த வெள்ளைக்காரர்களுக்கு அவர் பெயர் வாயில் நுழையாது. 'மிஸ்டர் காதிர்' என்பார்கள். ஜி.எம். ஒரு நாள் என் காதில் விழும்படியே சொன்னார்: "பிரான்சுக்கு நம்ம கதிரேசனையே அனுப்பலாம் போலிருக்கே." சட்டைப் பையில் பாஸ்போர்ட் கனத்தது. அன்று இரண்டு வேளை நான் சரியாகச் சாப்பிடவில்லை.

மே மாதம் சூளை ஓட ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் பெரிய விருந்து. மட்டன் பிரியாணி, நாட்டுக்கோழி வறுவல். அதற்குச் சிவப்பு எட்டு பாட்டில். பிரான்ஸ் போகிற ஆளை அன்றைக்கு அறிவிப்பார்கள் என்று பேச்சு.

விருந்துக்கு முதல் நாள் கதிரேசன் என் மேஜைக்கு வந்தார்.

"சார், வெள்ளையை ஐஸ்ல வெக்கணும்னு தெரியும். சிவப்பை எப்படிக் குடுக்கணும்னு உங்க புத்தகத்துல போட்டிருக்கா?"

போட்டிருந்தது. எனக்குப் பக்கமே தெரியும். எடுத்துப் பிரித்து, அவர் எதிரிலேயே படித்துக் காட்டினேன்: "சிவப்பு ஒயினை ஐஸில் வைக்கக் கூடாது. அறையின் வெப்பநிலையிலேயே பரிமாற வேண்டும்."

அதற்கு அடுத்த வரி ஒன்று உண்டு. 'இங்கே அறை என்பது குளிர்ந்த நாட்டு அறை. பதினாறிலிருந்து பதினெட்டு டிகிரி' என்பது அந்த வரி. அதன் மேல் என் கட்டைவிரல் இருந்தது. தற்செயலாக அல்ல. நான்தான் வைத்தேன்.

"அப்ப வெளியிலயே வெச்சுடுறேன். ரொம்ப நன்றி சார்" என்று போனார்.

அக்னி நட்சத்திரத்தில் அரியலூர் அறையின் வெப்பநிலை என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? போதாக்குறைக்கு அன்று காலையிலிருந்து கரன்ட் வேறு இல்லை. எட்டு பாட்டிலும் சாப்பாட்டு ஹால் ஜன்னல் பக்கம் வரிசையாக நின்றன. மதியம் ஆந்த்ரே ஒரு வாய் குடித்தார். சுக்குக் கஷாயம் குடித்த குழந்தை மாதிரி முகம் சுருங்கியது. கிளாஸைத் தள்ளி வைத்தார். மற்ற மூவரும் வைத்தார்கள். ஜி.எம். திரும்பிக் கதிரேசனைப் பார்த்த பார்வை இருக்கிறதே... அதில் ஒரு பாட்டிலைக் கொதிக்க வைத்திருக்கலாம். கதிரேசன் கையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார்.

எனக்கு நாட்டுக்கோழி அன்றைக்கு ரொம்ப ருசியாக இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

பிரான்ஸ் போனேன். லியோன் என்ற ஊரில் ஒரு மாதம். சூப்பர் மார்க்கெட்டில் ஒரு சுவர் முழுக்க ஒயின். பத்து நிமிஷம் முழித்துவிட்டு, கோட்டைப் படம் போட்டது ஒன்றை எடுத்துக்கொண்டு ஆந்த்ரே வீட்டுக்கு விருந்துக்குப் போனேன். வாங்கி ஓரமாக வைத்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "மிஸ்டர் காதிர் எப்படி இருக்கிறார்?" கிளம்பும்போது ஒரு பெட்டி கொடுத்தார். பாட்டில் திறக்க, மரக் கைப்பிடி போட்ட அழகான கார்க் திருகி. எனக்கல்ல. காதிருக்கு! வெந்நீர் ஒயின் ஊற்றிய ஆளுக்கு ஏன் இந்த மரியாதை என்று எனக்குப் புரியவே இல்லை. பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தேன். கொடுக்கும்போது கதிரேசனின் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

போன வருஷம் வேலையை விட்டேன். கட்டைவிரல் விஷயம் மட்டும் என்னை விடவில்லை. ஞாயிறு அந்தக் குரும்பலூர் இளைஞர் வந்துவிட்டுப் போனதும் தாங்கவில்லை. ஒருவரைக் கவிழ்த்தும் பொறாமை தீராவிட்டால் வேறு என்னதான் செய்வது? சொல்லிவிடுவோம் என்று முடிவு செய்து புதன்கிழமை அரியலூருக்கு பஸ் ஏறினேன்.

கதிரேசன் வீட்டில் இருந்தார். அவர் மனைவி, "வாங்கண்ணே, எளைச்சிட்டீங்களே" என்று காபி கொடுத்துவிட்டு உள்ளே போனார். நான் காபியைத் தொடவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். புத்தகம், வரி, விரல்.

கதிரேசன் காபி டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். அப்புறம் சிரித்தார்.

"காபி ஆறுது, குடிங்க சார். அந்த விரலை நான் அப்பவே பார்த்தேன்."

"என்னது?"

"அதுக்கு முந்துன வாரம் நீங்க லீவுல இருந்தீங்கல்ல... புத்தகம் உங்க மேஜை மேல கெடந்துச்சு. ரெண்டு தடவை படிச்சிட்டேன்."

"தெரிஞ்சேவா வெளியில வெச்சீங்க? ஏங்க?"

அவர் உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு ஏரோப்ளேன்னா பயம் சார். திருச்சி ஏர்போர்ட் பக்கம் பஸ் போனாலே கை வேர்க்கும். ஜி.எம். அனுப்புறேங்கிறாரு... போக மாட்டேன்னு சொன்னா ப்ரமோஷன் போயிடும். பயம்னு சொன்னா ஆபீஸே சிரிக்கும். யாராவது என்னைக் கவுத்துவிட மாட்டாங்களான்னு ஒரு மாசமாப் பார்த்துக்கிட்டு இருந்தேன். உங்ககிட்ட வந்து கேட்டதே அதுக்குத்தான். நீங்களும் கரெக்டா விரலை வெச்சீங்க."

"அப்ப ஆந்த்ரே..."

"நீங்க விசாவுக்கு மெட்ராஸ் போயிருந்தீங்கல்ல, அன்னைக்கு மிச்ச பாட்டிலை அரை மணி நேரம் ஐஸ் தண்ணியில போட்டு எடுத்துக் குடுத்தேன். கையைப் புடிச்சுக்கிட்டாரு மனுசன். ஜி.எம்.மும் பக்கத்துலதான் இருந்தாரு. ப்ரமோஷனும் வந்துடுச்சு. உங்களுக்கு ஒரு நன்றி சொல்லணும்னு ரொம்ப நாளா நெனைக்கிறேன் சார்... சொன்னா உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு விட்டுட்டேன்."

காபியைக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. பஸ் ஸ்டாண்ட் வரை அவரே வண்டியில் கொண்டுவந்து விட்டார்.

மன்னிப்புக் கேட்கப் போனவன் நன்றி வாங்கிக்கொண்டு திரும்பினேன். மூன்று வருஷம் ராத்திரி தூக்கம் கெட்டு நான் சுமந்த பாவம், அவர் கணக்கில் ஓர் உதவி! பஸ் பெரம்பலூர் வரும்வரை உள்ளே எரிந்துகொண்டே வந்தது.

என் வாழ்நாளில் நான் செய்த ஒரே ஒரு துரோகம்... அதிலும் அந்த மனுஷர்தானா ஜெயிக்க வேண்டும்?