திண்டிவனத்துக்கு அப்பால் ஒரு சாக்பீஸ் அம்மன்

ஒருவரும் நம்பப்போவதில்லை என்று தெரிந்தே, வலது கையை நெஞ்சில் வைத்துச் சத்தியம் செய்கிறேன்: ஒரு பேருந்து, சுண்டுவிரல் நீளமுள்ள சாக்பீஸுக்குப் பயந்து நடுரோட்டில் நின்றது. என் பயணக் கட்டுரைகளை வழக்கமாகப் படிக்கிறவர்களுக்கு என் சத்தியத்தின் மதிப்பு தெரியும். செஞ்சிக் கோட்டையில் ஒரே மூச்சில் ஏறி, இறங்கும்போது மூன்று வெளிநாட்டுக்காரர்களைத் தோளில் சுமந்து வந்தவன் நான். இதையும் அந்த வரிசையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

போன ஆடியில் விழுப்புரத்தில் அக்கா பேத்திக்குக் காதுகுத்து. விருந்தில் நான் தின்ற வடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தால் ரயில்வே மேம்பாலத்துக்கு இன்னொரு தூண் கிடைத்திருக்கும். மறுநாள் வெள்ளிக்கிழமை, வேலை ஒன்றும் இல்லை. அக்கா மகன்தான் கிளப்பிவிட்டான்.

"மாமா, நீதான் செவுத்துப் படம், ரோட்டுப் படம்னு ஊர் ஊரா சுத்திக்கினு இருக்கியே, திண்டிவனம் பக்கத்துல ஒர்த்தரு தெனம் ரோட்டு மேலயே சாமி வரையறாரு. ஜல்தியா போ. மதியத்துக்குள்ள அழிஞ்சிடும்."

விடிந்ததும் கிளம்பினேன். பேருந்து நிலையத்துக்குப் போகும் வழியில் நீளமான மதில் ஒன்றில் மயில், கரகாட்டம், பரதம் என்று வரிசையாக வரைந்திருந்தார்கள். நல்ல கை. ஆனால் மயிலின் தோகைமேல் மூல வைத்தியசாலை விளம்பரம். நடனப்பெண்ணின் முகத்தின்மேல் யாரோ ஒரு பெரியவரின் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, பசைகூடக் காயவில்லை. கழுத்துக்கு மேலே முறுக்கு மீசை, கீழே சலங்கை. விழுந்து விழுந்து சிரித்தேன். அடுத்த சுவரை ஒரு கட்சிக்காரர்கள் வெள்ளையடித்து, வரப்போகும் தேர்தல்வரை தங்களுக்கென்று எழுதி வைத்திருந்தார்கள். வெள்ளைக்கு அடியில் ஒரு ஜோடிக் கண்கள் மங்கலாகத் தெரிந்தன. யார் முகமோ.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். எங்கள் ஓட்டுநர் விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டியபோது எங்கள் நிழல் இன்னும் விழுப்புரத்தில் டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்தது. திண்டிவனத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தேன். ஆறு கிலோமீட்டர், இருபது ரூபாய். பன்னிரண்டு பேரோடு பயணம் செய்ததில் என் இடது கால் யாருடையது என்று இறங்கும்போதுதான் தெரிந்தது. இரண்டு பக்கமும் மல்லாட்டைக் கொல்லை, அதாவது வேர்க்கடலை வயல். ஒரு வளைவு, அதன் இந்தப் பக்கம் டீக்கடை, அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். மணி ஏழே முக்கால்.

நடுரோட்டில் ஓர் ஆள் மண்டியிட்டு வரைந்துகொண்டிருந்தார். சிவப்புக்குச் செங்கல் துண்டு, கறுப்புக்கு அடுப்புக்கரி, பச்சைக்கு ஏதோ தழை, மற்றதற்கெல்லாம் சாக்பீஸ். அவர் மனைவி வளைவின் முனையில் சிவப்புக் குடையை விரித்துப் பிடித்து, வருகிற வண்டிகளை ஓரம்கட்டிக்கொண்டிருந்தார். ஏழுமலை, அஞ்சலை என்று டீக்கடைக்காரர் சொன்னார்.

"முன்ன திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல ஆஞ்சநேயரு போட்டுக்கினு இருந்தாரு சார், துண்டு விரிச்சி. இப்ப இங்கதான். செவ்வா வெள்ளி மாரியாத்தா. மத்த நாள்ல ஏசு, தர்கா மினாரு, ஒண்ணும் வுடமாட்டாரு. எந்த டிரைவருக்கு எந்த சாமின்னு இவருக்கு எப்டி சார் தெரியும்?"

"டிரைவருக்கா?"

"பின்ன? அவனுங்க பிரேக் போடத்தான் இது. ஸ்பீடு பிரேக்கர் கேட்டு நாங்க மனு குடுக்காத எடமில்ல. வளைவுல போடக்கூடாதுன்னுட்டாங்க. ஆனா சாமி மேல வண்டி ஏத்த எவனுக்கு தில்லு இருக்கு? எமன் கணக்கா வர்றவன்கூட டக்குனு மெதுவாகி, கன்னத்துல போட்டுக்கினு ஓரமா போறான். எட்டே முக்காலுக்குப் புள்ளைங்க ரோட்டக் கடக்கும். அதுக்குள்ள போட்டு முடிச்சிடுவாரு."

எனக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. உலகத்திலேயே முதல் தெய்வீக வேகத்தடை! தலைப்பே மனதில் எழுதிவிட்டேன். இப்படி ஒரு யோசனை அவருக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"அவரு பொண்ணு சார். தர்ஷினி. ரெண்டாவது படிச்சிக்கினு இருந்திச்சி. அதோ, அவரு குந்திக்கினு இருக்காரே, அங்கதான். செங்கல் லாரி. இன்னியோட ஒரு வருசம்."

டீ அப்படியே கையில் இருந்தது.

அதற்குள் ரோட்டில் பேச்சு உயர்ந்தது. அஞ்சலை குடையை மடக்கிக்கொண்டு வந்து படத்தைப் பார்த்தபடி நின்றார். நானும் கிட்டே போனேன். கீழே இருந்தது மாரியம்மன் இல்லை. இரட்டைப் பின்னல், ரிப்பன், சிரிக்கிற வாயில் முன்பல் ஒன்று இல்லை. ஏழு வயதுப் பெண்.

"என்னாய்யா பண்ணி வச்சிருக்க? வெள்ளிக்கெழம ஆத்தாவப் போடுய்யா."

"இன்னிக்கி ஒரு நாளு அஞ்சல."

"அவள ரோட்டுல போடாத. ஒருவாட்டி கெடந்தது பத்தாதா?"

"நிப்பானுங்கடி. சாமிக்கு நிக்கிறவன் பச்சப்புள்ளைக்கி நிக்கமாட்டானா? மூஞ்சியப் பாரு. எவனுக்கு ஏத்த மனசு வரும்?"

அவர் நிஜமாகவே நம்பினார். பயமில்லை, பிடிவாதம்கூட இல்லை. கையைத் தட்டிக்கொண்டு ஓரமாக வந்து, எங்கள் பக்கத்தில் நின்று ரோட்டைப் பார்த்தார். பரீட்சை முடிவு பார்க்கிற மாதிரி.

முதலில் பால் வண்டி வந்தது. நிற்கவில்லை. அடுத்தது திண்டிவனம் போகிற மினி பஸ். ஹாரன் அடித்துக்கொண்டே வளைவில் திரும்பி, அதே வேகத்தில் ஏறிப் போனது. ஒரு டிராக்டர். இரண்டு பைக்குகள். நெற்றியிலிருந்து தாடைவரை டயர் தடம் விழுந்தது. ஒவ்வொரு வண்டிக்கும் ஏழுமலையின் தோள் கொஞ்சம் குலுங்கியது.

எட்டரை ஆயிற்று. டீக்கடைப் பக்கம் புத்தகப் பைகள் வரத் தொடங்கின.

அஞ்சலை குடையை என் கையில் திணித்தார். "அண்ணே, அந்த முக்குல போய் நில்லுங்க. வண்டி வந்தா ஆட்டுங்க."

போய் நின்றேன். அந்த அம்மா மகள் முகத்தின் முன் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார். தினமும் கணவரோடு கூட வண்ணம் தேய்த்துப் பழகிய கை போலிருந்தது. டயர் தடத்தின்மேல் அகலமாகத் திருநீற்றுப் பட்டை. ரிப்பன் இருந்த இடத்தில் கிரீடம். பின்னலைக் கலைத்துத் தீச்சுடர். நெற்றியில் செங்கல் குங்குமம், மூக்கில் புல்லாக்கு, பக்கத்தில் சூலம். கடைசியாக வாய்க்கு வந்தபோது ஏழுமலை ஓரத்திலிருந்தே சொன்னார்.

"அத வுட்டுடு."

விட்டுவிட்டு எழுந்தார்.

அதே மினி பஸ் திண்டிவனத்திலிருந்து திரும்பி வந்தது. நான் குடையை ஆட்டினேன். என்னை யார் பார்த்தார்கள்? ஓட்டுநர் பார்த்தது ரோட்டை. பிரேக் கிறீச்சிட்டு, படத்துக்கு மூன்றடி முன்னால் வண்டி நின்றது. அவர் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு தலையை வெளியே நீட்டிச் சிரித்தார்.

"என்னா ஏழுமல, ஆத்தாவுக்குப் பல்லு வுழுந்துடுச்சா?"

ஏழுமலை வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அஞ்சலைதான் பதில் சொன்னார்.

"ஆமா. இன்னும் மொளைக்கல."

பிள்ளைகள் வரிசையாகக் கடந்தார்கள். எல்லோரும் படத்தை மிதிக்காமல் சுற்றிப் போனார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: விழுப்புரத்தில் ஆறு மணிக்குள் பேருந்து ஏறினால் வரைவதை ஆரம்பத்திலிருந்து பார்க்கலாம். சனி ஞாயிறு போகாதீர்கள், பள்ளி விடுமுறை. படத்தின்மேல் காசு போடாதீர்கள். அவர் துண்டு விரிப்பதில்லை. பொறுக்கப் பிள்ளைகள் ரோட்டில் குனியும். கலர்க் கோலப்பொடி வாங்கிப் போய் டீக்கடையில் கொடுங்கள். சொந்த வண்டியில் போனால் அந்த வளைவில் சாமி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிரேக்கில் காலை வையுங்கள். மழை நாட்களில் படம் இருக்காது.

மற்றபடி இது என் வழக்கமான புளுகுதான். செஞ்சியில் நான் யாரையும் சுமக்கவில்லை. பாதி மலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். விக்கிரவாண்டியில் எங்கள் நிழல் எங்களோடுதான் வந்தது. வடை நான்கு. பேருந்து சாக்பீஸுக்குப் பயந்ததாகச் சொன்னதைக்கூட நீங்கள் நம்ப வேண்டாம். பிள்ளை முகமும் சாக்பீஸ்தான், அதற்கு எதுவும் நிற்கவில்லை.

ஒரு சின்ன விஷயம் மட்டும் உண்மை. அந்த அம்மனுக்கு முன்பல் ஒன்று இல்லை.