மூன்று வாரப் படகு மந்திரி

ஞாயிறு, காலை எட்டரை மணி. குரோய்டன்.

லண்டன் வந்த இரண்டாம் வாரத்திலேயே மகள் வீட்டுப் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போயிற்று. "அம்மா, ஒரு நாளாவது வெளியே போயிட்டு வாயேன்" என்று மகள் கெஞ்சினாள். அது என் மேலுள்ள பாசமா, இயந்திரத்தின் மேலுள்ள பாசமா என்று நான் ஆராயவில்லை. ஆர்ச்வேயில் ஹைகேட் ஹில் முருகன் கோயிலுக்குப் போய்விட்டு, திரும்பும்போது ஈஸ்ட் ஹாமில் கறிவேப்பிலையும் நல்லெண்ணெயும் வாங்கி வருவதென்று முடிவாயிற்று. சுரங்க ரயில் படிக்கட்டுகள் என் முழங்காலுக்கு ஆகாது. மகள் தனக்குத் தெரிந்த ஒரு மினிகேப்பை, அதாவது வாடகைக் காரை, ஏற்பாடு செய்தாள். நாள் முழுவதற்கும் எழுபது பவுண்டு. அதை ரூபாயாக மாற்றிப் பார்த்தேன். மாற்றிப் பார்க்கக் கூடாது என்று விமான நிலையத்திலேயே சொல்லியிருந்தாள், கேட்கவில்லை, அனுபவித்தேன்.

ஓட்டி வந்தவர் பெயர் கணேசலிங்கம். அறுபதை நெருங்கும் வயது, யாழ்ப்பாணத்துப் பக்கத் தீவு ஒன்றில் பிறந்தவர். காருக்குள் சூடு போட்டிருந்தும் தலையில் கம்பளித் தொப்பி. நான் தொண்டிக்காரி, தாலுகா ஆபீசில் முப்பத்து நாலு வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவள் என்று சொன்னதும், "அட, எங்களுக்கு நேரெதிர்க் கரை! அப்ப நீங்கள் எனக்கு அக்காதான்" என்றார்.

தேம்ஸ் பாலம் தாண்டும் முன் அவருடைய போன் அடித்தது. திரையில் 'முதலமைச்சர்' என்று வந்தது. என்னையறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் ஆபீசில் முதலமைச்சரின் உதவியாளரின் டிரைவர் போன் செய்தால்கூட எழுந்து நின்றுதான் பேசுவோம். இவரோ, "பிறகு எடுக்கிறன்" என்று துண்டித்துவிட்டார்.

"யார் சார் அது?" என்றேன்.

"எங்கட முதலமைச்சர். பதினொண்டரைக்குக் கபினட் கூட்டம், ஈஸ்ட் ஹாமிலை. நான் படகுப் போக்குவரத்து அமைச்சர்."

வண்டி ஓட்டுகிறவரிடம் பயணி சிரிக்கக் கூடாது. இருமினேன். அவர் கோபிக்கவில்லை, பொறுமையாக விளக்கினார். இலங்கைத் தமிழருக்கான தனி நாட்டில் தீவுப் பகுதி ஒரு பிராந்தியம். அதற்கான பிராந்திய அரசாங்கம் இது. இருபது வருடமாக லண்டனிலிருந்து நடக்கிறது.

"பிராந்தியம் சரி. நாடு எங்கே?"

"நாடு இன்னும் வரேல்லை அக்கா. வரேக்கை பிராந்திய அரசாங்கம் ரெடியா இருக்கவேணும்தானே?"

முப்பத்து நாலு வருடச் சர்வீசில் இவ்வளவு முன்யோசனையுள்ள அரசாங்கத்தை நான் பார்த்ததில்லை. எத்தனை அமைச்சர்கள் என்று கேட்டேன். பதினாலு பேர். ஓட்டுப் போடுவது யார் என்று கேட்டேன். அதே பதினாலு பேர்.

பத்து மணி. ஹைகேட் ஹில்.

ஏற்றத்தில் நின்று பார்த்தால் தெரு கீழே லண்டனுக்குள் சரிந்து போகிறது. கோயிலுக்குள் நுழைந்ததும் கற்பூரமும் ஈரக் கோட்டுகளும் கலந்த ஒரு வாசம் வந்தது. நான் பேரன் படிப்புக்கும் என் முழங்காலுக்கும் வேண்டிக்கொண்டு திரும்பினேன். கணேசலிங்கம் இன்னும் கண்ணை மூடியபடி நின்றார். அங்கே தொப்பியைக் கழற்றியிருந்தார். தலையில் மயிரென்று ஒன்றுகூட இல்லை. ஆண்டவன் சந்நிதியில் அந்தத் தலை விளக்கொளியில் நன்றாகவே மின்னியது.

வண்டிக்குத் திரும்பியதும் தானாகவே சொன்னார். தாய் தகப்பன் இல்லாத அவரை வளர்த்தவர் அவருடைய மூத்த அக்கா. தீவிலேயே இருக்கிறார். முப்பத்தைந்து வருடமாக இருவரும் நேரில் பார்க்கவில்லை.

"அவவுக்கு ஒரு கண் போட்டுது. மற்றதும் மங்கிக்கொண்டு வருது, ஒண்டும் செய்யேலாதாம். தெரியிற மட்டுக்கும் உன்ர முகத்தை ஒருக்காப் பாத்திட்டனெண்டால் போதும் எண்டு அழுறா."

"வீடியோவில பேசுறீங்கள்ல?"

"கதைக்கிறன். தொப்பியோடைதான் கதைக்கிறன். நான் வெளிக்கிடேக்கை எனக்குத் தலை நிறையச் சுருள்மயிர் அக்கா. அவதான் எண்ணெய் வைச்சு இழுத்து விடுவா. இப்ப இதைக் காட்டேலுமே?"

அடுத்த வாரம் வியாழக்கிழமைக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். போகத்தான் வழியில்லை. அவர்கள் அரசியலமைப்பின் ஏழாம் பிரிவு இப்படிச் சொல்கிறது: சொந்த மண்ணுக்குப் போக இன்னொருவரிடம் விசா கேட்கும் அமைச்சர் அந்தக் கணமே பதவி இழப்பார். மறுபடி அமைச்சராகவும் முடியாது.

"எந்தப் புண்ணியவான் எழுதினான் இதை?"

"நான்தான்" என்றார் கணேசலிங்கம். "அண்டைக்கு ஐஞ்சு நிமிசம் கை தட்டினவை."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் தவளை இல்லை, அமைச்சர். ஆகவே எழுத்தில் போட்டுக் கெட்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. பதவியை விட்டெறிந்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்று கேட்டேன். அவர் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

"இஞ்சை எல்லாரும் என்னை டிரைவர் எண்டுதான் கூப்பிடுறவை. ஞாயிற்றுக்கிழமை பதினொண்டரைக்கு மட்டும்தான் அக்கா, என்ர தீவின்ர பேரைச் சொல்லிக் கூப்பிடுறவை" என்றார்.

பதினொன்றரை. ஈஸ்ட் ஹாம்.

ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் கால் வைத்ததும் குளிர் மறந்துவிடும். நகைக்கடை, புடவைக்கடை, மளிகைக்கடை, தோசைக்கடை. மசாலா தோசை ஆறரை பவுண்டு. ஒரு கட்டு முருங்கைக்காயின் விலையைக் கேட்டு அதை இருந்த இடத்திலேயே மரியாதையாக வைத்துவிட்டேன். மந்திரிசபை கூடுவது ஒரு புடவைக்கடையின் மாடியில். என்னை வண்டியில் காத்திருக்க வைக்க மனமில்லாமல், "மேலை வாங்கோ அக்கா, தேத்தண்ணியும் ரோல்ஸும் கிடைக்கும்" என்றார் கணேசலிங்கம். மசாலா வைத்துச் சுருட்டிப் பொரித்த அந்த ரோல்ஸுக்காகத்தான் ஏறினேன். இதை மறைப்பானேன்?

மாடியில் பழைய புடவைப் பொம்மைகள் பத்துப் பன்னிரண்டு சுவரோரம் நின்றன. நடுவில் நீள மேசை. அன்று வந்திருந்த அமைச்சர்கள் ஒன்பது பேர். மற்றவர்களுக்கு ஷிப்ட். வாசலிலிருந்து பார்க்கப் பொம்மைகளுக்கே பெரும்பான்மை.

முதலமைச்சர் ஹாலந்தில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து காய்கறி மொத்த வியாபாரம் செய்பவர், சாந்தமானவர். அவருக்கு வலப்பக்கம் கடற்றொழில் அமைச்சர் புஷ்பராணி, உறைமீன் கடை வைத்திருக்கிறார். இடப்பக்கம் பனை அபிவிருத்தி அமைச்சர் தவராசா, டிராவல்ஸ் நடத்துகிறார். இவர்கள் இரண்டு பேரும் இரண்டு தீவுக்காரர்கள். எந்த எந்தத் தீவு என்று நான் எழுதப்போவதில்லை. முதலாம் தீவு, இரண்டாம் தீவு என்று எழுதினால்கூட இரண்டாம் தீவார் என்னைச் சும்மா விடமாட்டார்கள்.

கணேசலிங்கம் எழுந்து, மூன்று வாரம் லீவு வேண்டும் என்றார்.

"லீவு எண்டு சொல்லி விசா எடுக்கப்போறார்" என்றார் தவராசா. "டிக்கெட் என்னட்டைத்தான் எடுத்தவர்."

"டிக்கெட்டை வித்துப்போட்டுக் காட்டியும் குடுக்கிறீரோ?" என்று புஷ்பராணி பாய்ந்தார். "ஆனா கணேசண்ணை, சட்டம் சட்டம்தான். நீங்கள் விலகினால் படகு அமைச்சு எங்கட தீவுக்குத்தான் வரவேணும். எங்களிட்டைதான் கனக்கப் படகு இருக்கு."

"படகு இருந்தால் போதுமே? இறங்குதுறை எங்களிட்டை" என்றார் தவராசா.

அதற்குப் பின் அரை மணி நேரம் அந்த அறையில் நடந்ததை நான் சட்டசபை நேரடி ஒளிபரப்பில்தான் பார்த்திருக்கிறேன். ஓடாத படகு முதலில் எந்தத் தீவில் நிற்க வேண்டும் என்பதில் ஒரு ரோல்ஸ் தட்டு கவிழ்ந்தது. கணேசலிங்கம் மட்டும் தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கியபடி நின்றார். அவருடைய அக்காவின் கண்ணைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது.

"பொறுப்பை ஒப்படைச்சிட்டுப் போகலாமே" என்றேன், வாயில் ரோல்ஸோடு.

எல்லாரும் திரும்பினார்கள். விழுங்கிவிட்டுத் தொடர்ந்தேன். "எங்க ஆபீஸ்ல தாசில்தார் லீவுல போனா சார்ஜை இன்னொருத்தர்கிட்ட கொடுத்துட்டுப் போவார். கொடுத்த நிமிஷத்துல இருந்து அவர் வெறும் ஆளு. கையெழுத்து, முத்திரை எல்லாம் பொறுப்பு அதிகாரிகிட்ட. திரும்பி வந்து சார்ஜ் எடுத்துக்குவார். விசா கேக்குறப்ப இவர் அமைச்சரே இல்லைங்கிறப்ப, ஏழாம் பிரிவு யாரைப் பிடிக்கும்?"

 முதலமைச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது உண்மையான அரசாங்கங்களிலை இருக்கிற முறையோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எங்க ஊர்ல பாதி அரசாங்கம் இப்படித்தாங்க ஓடுது."

அது அவர்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஆனால் பொறுப்பை யாரிடம் கொடுப்பது? புஷ்பராணியிடம் கொடுத்தால் தவராசா விடமாட்டார். தவராசாவிடம் கொடுத்தால் புஷ்பராணி அவரை உறைமீனோடு பெட்டியில் போட்டுவிடுவார். மூன்று வாரம் கையில் கிடைத்த அமைச்சைத் திருப்பித் தரும் என்று ஒரு தீவு இன்னொரு தீவை நம்பத் தயாரில்லை. கடைசியில் புஷ்பராணி என்னைப் பார்த்தார்.

"இந்த அக்காவிட்டைக் குடுப்பம். இவவுக்குத்தான் ஒரு ஊரும் இல்லை."

"எனக்கு ஊர் இல்லைன்னு யாரும்மா சொன்னது? தொண்டி!" என்றேன்.

"அதைத்தான் சொல்லுறன். எங்கட ஊர் ஒண்டும் இல்லை."

ஒன்பது கைகள் உயர்ந்தன. பல வருடத்தில் நிறைவேறிய முதல் ஏகமனதான தீர்மானம் என்று முதலமைச்சர் நெகிழ்ந்தார். ஒரு ரப்பர் முத்திரையும் மைப்பெட்டியும் என் கைக்கு வந்தன. கறிவேப்பிலை வாங்கப் போனவள் படகு மந்திரியாக வீடு திரும்பினேன். மகளிடம் சொன்னபோது, "நல்லெண்ணெய் எங்கேம்மா?" என்றாள்.

வியாழன், மாலை. ஹீத்ரோ.

விசா இரண்டு நாளில் வந்துவிட்டது. வழியனுப்ப நானும் போனேன். பொறுப்பு அமைச்சரின் கடமை.  கணேசலிங்கம் தன் லண்டன் போனை என்னிடம் கொடுத்தார். அமைச்சரவை முழுவதின் எண்களும் அதில் இருந்தன; அதைக் கையில் வைத்துக்கொண்டு இலங்கையில் போய் இறங்க அவருக்குப் பயம். "போய்ச் சேந்த உடனை நானே எடுப்பன் அக்கா. நீங்கள் எடுக்க வேண்டாம்." தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு உள்ளே போனார்.

வெள்ளிக்கிழமை அழைப்பு வரவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் வரவில்லை. அந்தப் போனில் முதலமைச்சர் காலையும் மாலையும் கூப்பிட்டு, "அமைச்சர், தகவல் ஏதும்?" என்று கேட்டார். புஷ்பராணி படகு அட்டவணையைப் பற்றிப் பேசுவதாகத் தொடங்கி, "கணேசண்ணை ஏதும் எடுத்தவரோ?" என்றுதான் முடித்தார். தவராசா ஒரு நாள் அழுதேவிட்டார். "நான்தானே அக்கா டிக்கெட் போட்டுக் குடுத்தனான்." ஓர் அமைச்சுக்காகத் தட்டைக் கவிழ்த்த அதே ஆட்கள்தான்.  விமான நிலையத்தில் அவரைத் தனியே அழைத்துக் கேள்வி கேட்டிருந்தால்? யோசனை சொன்ன வாய் என்னுடையது. ராத்திரி தூக்கம் போயிற்று. பாத்திர இயந்திரத்தோடு சண்டை போடக்கூடத் தெம்பில்லை.

புதன், காலை பத்து மணி. மறுபடி ஹீத்ரோ.

என் விமானம் சென்னைக்கு. பதவியில் இருக்கும் அமைச்சர் நாட்டை விட்டுப் போகலாமா என்று முதலமைச்சரிடம் கேட்டிருந்தேன். உத்தியோகபூர்வ வெளிநாட்டுப் பயணம் என்று பதிந்துகொள்வதாகச் சொன்னார். பாதுகாப்புச் சோதனையில் ஒரு பெண் என் கைப்பையிலிருந்து ரப்பர் முத்திரையை எடுத்து இது என்ன என்று கேட்டாள். அரசாங்க முத்திரை என்றேன். அதைத் திரும்பப் பையில் போட்டுவிட்டு, மகள் ஆசையாக வாங்கித் தந்திருந்த எலுமிச்சை ஜாம் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டாள். அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து, போனை மகளிடம் கொடுக்க மறந்துவிட்டோமே என்று நினைத்தபோது அது அடித்தது. இலங்கை எண்.

"அக்கா, நான் கணேசன்."

"எங்கய்யா போய்த் தொலைஞ்சீங்க? உயிரோட இருக்கீங்களா?" என்று நான் கத்தியதில் பக்கத்து வெள்ளைக்காரர் இடம் மாறி உட்கார்ந்தார்.

"மன்னியுங்கோ. இஞ்சை டவர் பழுது, இண்டைக்குத்தான் சிக்னல் வந்தது, அவ வெளியிலை விடுறாவும் இல்லை. எயார்போட்டிலை ஒருத்தன் என்ன வேலை எண்டு கேட்டவன். டிரைவர் எண்டனான். பொய் இல்லைத்தானே? பதவி உங்களிட்டை எல்லோ." சிரித்தார்.  "பொறுங்கோ, அவ கதைக்கப்போறாவாம்."

மறுமுனையில் ஒரு கிழக் குரல், காற்றும் அலையும் சூழ, அதிகாரமாக வந்தது.

"நீங்களோ பிள்ளை படகு மந்திரி?"

"ஆமாங்க."

"காலமை வாற படகு ஒரு நாளும் நேரத்துக்கு வாறேல்லை. வெயிலுக்கை நிண்டு காயிறம். என்னெண்டு கேக்க ஆளில்லை. நீங்கள் கேளுங்கோ. மற்றது, இவனுக்கு என்னத்தைச் சாப்பிடக் குடுத்தனியள் அங்கை? தலையிலை ஒரு மயிர் இல்லை! தொப்பியைப் போட்டு என்னை ஏமாத்தினவன். வந்த அண்டே கழட்டிப் பாத்துப்போட்டன்."

பார்த்துவிட்டார். முப்பத்து நாலு வருடம் நான் எத்தனையோ பேருக்கு ஒரே வாக்கியத்தைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். சொன்ன மறுநிமிடம் மறந்தும் இருக்கிறேன். அன்றைக்குக் கையில் படகில்லை, கடலில்லை, நாடில்லை. கைப்பைக்குள் முத்திரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அந்த வாக்கியத்தை முதல் தடவையாக மனதாரச் சொன்னேன்.

"கவனத்துக்கு வந்துருக்கு அக்கா. உரிய நடவடிக்கை எடுக்கிறேன்."