குழம்பிலிருந்து எடுத்த கெண்டை

பொறுமை என்பது எனக்குப் பிறவியிலேயே கிடையாது. பஸ் ஐந்து நிமிடம் தாமதமானால் அடுத்த நிறுத்தம் வரைக்கும் நடந்துவிடுகிற ஆள் நான். என்னைப் போய் விரல் நீளத்து மீனின் முதுகை அளக்க விட்டது யார் செய்த வேலையோ! கல்லூரியில் பாடம் நடத்தியது போக, மிச்ச நேரமெல்லாம் கெண்டைதான். பாலக்கோட்டுப் பக்கத்து ஓடைகளில் பிடித்தது, கடத்தூர்ப் பக்கத்து ஏரிகளில் பிடித்தது, தொப்பூர் கணவாய்க்குக் கீழே ஒரு மடுவில் பிடித்தது. ஒவ்வொன்றையும் பக்கவாட்டில் கிடத்திப் படமெடுத்து, மூக்கு நுனி, கண், முதுகுத் துடுப்பு ஆரம்பிக்கும் இடம், வாலின் அடி என்று கணினியில் புள்ளி வைப்பேன். அந்தப் புள்ளிகளை வைத்து, எந்த மீனின் உடம்பு எதோடு சேருகிறது என்று கணினி பிரித்துக் காட்டும்.

மற்ற கெண்டையெல்லாம் ஒரே கும்பலாகக் கிடக்க, தொப்பூர் மடுவின் கெண்டை மட்டும் தனியாக ஒதுங்கி நின்றது. முதுகு உயரம், வாய் சற்றுக் கீழே. எனக்கு உட்கார முடியவில்லை. எழுந்து வீட்டுக்குள்ளேயே நடந்தேன். புது இனமாக இருக்கலாம் என்று கணவரிடம் சொன்னேன். "கெண்டையில என்னா புதுசு?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். அன்றைக்கு முழுக்க அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

என் முனைவர் பட்ட ஆய்வுக்குழுவில் வேறு மாதிரி இடித்தார்கள். தண்ணீர் மாறினால் மீனின் உடம்பும் மாறும், மரபணுவும் வேறு என்று காட்டினால்தான் புது இனம் என்று ஒத்துக்கொள்வோம் என்றார்கள். நியாயம்தான். நியாயமாக இருந்ததால்தான் அவ்வளவு எரிச்சல். ஏனென்றால் என்னிடம் இருந்த மடு மீன்கள் மொத்தமும் ஃபார்மலினில் கிடந்தன. உடம்பு வளையாமல் விறைப்பாக நிற்க அதுதான் சரி. ஆனால் ஃபார்மலின் மரபணுவைக் கெடுத்துவிடும். அதே மடுவிலிருந்து புதிதாக ஒரு மீனாவது வேண்டும். வெளியே கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவரைக் கிளப்பி வண்டியில் போனேன். மடு காய்ந்து வெடித்துக் கிடந்தது. நடுவில் கொஞ்சம் சேறு, அதில் காக்கைகளின் கால்தடம். கரையில் ஒரு வீடு உண்டு. மீன் பிடிக்கப் போகும்போதெல்லாம் வாளி கொடுத்து உதவுகிற அக்கா அங்கே இருக்கிறார். ஓடிப்போய்க் கேட்டேன்.

"வத்திப்போச்சுங்க டீச்சர். காக்கா திங்கறதுக்கு நாமளே தின்னலாம்னு விடியக்காலையே கொசுவலையில அள்ளிட்டேன்" என்றார். அவருடைய தம்பி குடும்பம் விருந்துக்கு வந்திருந்தது. மீன் குழம்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. உலகத்திலேயே வேறெங்கும் இல்லாத மீனாக இருக்கலாம் அக்கா, அதைப் போய் இப்படிப் பண்ணிவிட்டீர்களே என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அக்கா என்னையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தார்.

அப்போதுதான் மூளை வேலை செய்தது. பொடி மீன் என்பதால் குடலை மட்டும் எடுத்துவிட்டு முழுசாகப் போட்டிருந்தார். உடம்பு அப்படியே இருந்தது. கொதிக்க வைப்பது ஃபார்மலின் அளவுக்கு மரபணுவைக் கெடுப்பதில்லை. கரண்டியும் தட்டும் வாங்கி ஒவ்வொன்றாகத் துழாவினேன். கலையாத மீன் ஒன்று கிடைத்தது. அதே உயர்ந்த முதுகு. தட்டில் கிடத்தி, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுத்தேன். முதுகுச் சதையில் ஒரு துண்டை வெட்டி ஆல்கஹால் குப்பியில் போட்டேன். விருந்துக்கு வந்தவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"சோறு போடற வூட்டுல வந்து மீனுக்கு அளவெடுக்கறியே, மானம் போவுது" என்று கணவர் என் காதோரம் பல்லைக் கடித்தார்.

எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. குழம்பு நன்றாக இருந்தது என்று கணவர் இன்றைக்கும் சொல்கிறார். எனக்கு எதுவும் இறங்கவில்லை. கிளம்பும்போது அக்கா வாசல் வரை வந்து, நிஜமாகவே இந்த மீன் இங்கே மட்டும்தானா என்று கேட்டார். சோதனை முடிவு வரட்டும் என்றேன்.

முடிவு வரும் வரை நான் மனுஷியாகவே இல்லை. எதிர்ப்பட்டவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன். ஆய்வகத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டு, குப்பி ஏன் சிவப்பாக இருக்கிறது என்று கேட்டார். மிளகாய்த்தூள் என்றேன். விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

முடிவு வந்தது. மரபணுவில் மடுக் கெண்டையும் பாலக்கோட்டுக் கெண்டையும் ஒன்றேதான். சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு வித்தியாசமும் இல்லை. தேங்கிய தண்ணீரில் வளர்ந்து முதுகு உயர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரே இனம் இரண்டு உடம்போடு இருப்பதும் நல்ல கண்டுபிடிப்புதான், தைரியமாக எழுதுங்கள் என்றார் என் கைடு. எழுதினேன். ஆனால் அன்றைக்குக் கல்லூரிக் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அது தனி மீனாக இருக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறேன்.

மழை பிடித்த பிறகு அக்கா கூப்பிட்டார். மடு நிறைந்துவிட்டதாம். மேலே ஓடையிலிருந்து வெள்ளத்தோடு கெண்டை இறங்கியிருக்கிறதாம்.

"யாரையும் வலை போட வுடலீங்க டீச்சர். என் தம்பியவே வுடல. ஒலகத்துலயே இங்கதான் இருக்குதுன்னு சொல்லி வெச்சிருக்கறேன்."

நான் சொல்லித்தான் ஆகவேண்டும். இரண்டும் ஒரே மீன்தான், பாலக்கோட்டில் கூடை கூடையாகக் கிடைக்கிற அதே கெண்டைதான் என்றேன். கணவாயில் லாரி ஹாரன் அடிப்பது மட்டும் போனில் கேட்டது.

"அப்ப புடிக்கலாங்களா?"

"வேணாங்க்கா." யோசிப்பதற்குள் வாயிலிருந்து விழுந்துவிட்டது.

"ஏனுங்க? ரெண்டும் ஒண்ணுதான்னு நீங்கதானே சொன்னீங்க?"

இரண்டும் ஒன்றுதான் என்று பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தவளுக்கு, அந்த உயர்ந்த முதுகுதான் கண்ணில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.